தளவாய் காய்த்த வருஷம்

தளவாய் செத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் செத்தான். அதுதான் ஆறவில்லை.

பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் பொதுவாக ஒரு கிணறு, கிணற்றுக்குக் குறுக்கே சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் உருளை, அந்தப் பக்கம் அவர்கள் உருளை. என் அப்பாவும் அவன் அப்பாவும் சேர்ந்து வெட்டினது. நான் லாரியில் நாக்பூருக்கு லோடு கொண்டுபோயிருந்த வாரத்தில் அவன் வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டிக் கிணற்றைத் தூர்த்தான். பாதிக் கிணற்றை மட்டும் தூர்க்க முடியாது, எங்கள் பாதியும் போயிற்று. அவன் பக்கத்தில் பாத்ரூம் கட்டிக்கொண்டான். என் பெண்டாட்டி வடிவு, வாளிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, துவைக்கிற கல்லின் மேல் ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டி, மண் விழ விழக் கத்தியிருக்கிறாள். தெருவே கேட்டிருக்கிறது. ஒருத்தனும் வரவில்லை.

திரும்பி வந்து, "எதுக்குவே தூர்த்தீரு?" என்று கேட்டேன்.

"சோலியப் பாரும்" என்றான்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் பொங்கலன்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்டேன். அந்தப் பக்கம் ரேடியோவைக் கூட்டிவைப்பான்.

வடிவு கத்தரி போடுகிறவள். செடியில் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டுத் துணி கட்டுவாள். அது மஞ்சளாகப் பழுத்துத் தோல் சுருங்கினதும் பிளந்து, தண்ணீரில் பிசைந்து, மிதக்கிறதைக் கொட்டிவிட்டு அடியில் தங்குகிற விதையை மட்டும் எடுத்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி, சாணியில் பதித்து, வரட்டியாகச் சுவரில் அறைந்து, எரிக்கிற வரட்டியோடு கலந்துவிடக் கூடாதென்று மேலே சுண்ணாம்புப் பொட்டு ஒன்று வைப்பாள். மழைக்கு முன்னால் அதை உடைத்து ஊறவைத்துப் பாத்தியில் தூவினால் ஒரு வாரத்தில் பச்சை தட்டும். வெள்ளைக் கத்தரி, காம்பில் முள், எண்ணெயில் போட்டால் வெண்ணெய். கிணறு போன பிறகு அந்தச் செடிகளுக்காகவே தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தாள். குழாயடிப் பாசியில் ஒருநாள் வழுக்கி விழுந்தாள். இடுப்பு ஒடிந்தது. எழுந்திருக்கவே இல்லை.

நான் லாரியை விட்டேன். வருஷம் ஒரு வரட்டியை உடைத்து விதைத்தேன், புது விதை எடுத்தேன், புது வரட்டி தட்டிப் பொட்டு வைத்தேன். எனக்கு வேறு சாமி கிடையாது.

தளவாய் புரட்டாசியில் செத்தான். பக்கவாதம் வந்து வாய் கட்டிப்போய்க் கட்டிலில் மாதக்கணக்கில் கிடந்து செத்தான். எங்கள் தெருவில் ஒரு வழக்கம். சாவு விழுந்தால் சிதைக்கு வேண்டிய வரட்டியை எந்த வீட்டுச் சுவரிலிருந்தும் எடுக்கலாம். கேட்க வேண்டியதில்லை, பகை வீடானாலும் தடுக்கக் கூடாது. எடுக்க வந்தவர்கள் என் புறவாசலுக்கும் வந்தார்கள், நன்றாகக் காய்ந்திருக்கிறதே என்று பொட்டு வைத்ததையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் குழாயடியில் நின்றிருந்தேன். பழைய செடிகளை அந்த வாரம்தான் பிடுங்கியிருந்தேன். புதுசு விதைக்கவில்லை. வடிவின் கத்தரி மொத்தமும் அவன் நெஞ்சின் மேல் எரிந்தது.

மறுநாள் சாம்பலை அள்ளி ஆற்றில் கரைத்துவிட்டு எல்லாரும் போன பின் சுடுகாட்டுக்குப் போனேன். வேகாத வரட்டித் துண்டு ஒன்றாவது கிடக்காதா என்று கம்பால் கிளறினேன். தரை இன்னும் சூடு. நெஞ்சு இருந்த இடத்தில் ஒரு கத்தரி நாற்று இரண்டு இலை விட்டு நின்றது. கருகவில்லை. வாடவில்லை. சிரட்டையில் சாம்பலோடு அள்ளினேன். சுடுகாட்டிலிருந்து வீட்டுக்கு எதையும் கொண்டுவரக் கூடாது என்பார்கள். என் வீட்டில் இனிக் கெட்டுப்போக என்ன இருக்கிறது.

நட்டேன். குடம் குடமாகக் குழாய்த் தண்ணீர் சுமந்தேன். பூச்சிக்குச் சாம்பல் தூவினேன். கொழுந்தைக் கிள்ளினேன், கிளை பிரிந்தது. தையில் முதல் காய்.

முதல் காயை வடிவு ஒருநாளும் வீட்டில் சமைத்ததில்லை, யாருக்காவது கொடுப்பாள். நான் எதிர்வீட்டுப் பிச்சம்மாளுக்குக் கொடுத்தேன். விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிறவள், வாய் நீளம். சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் பாறை மேல நின்னு ஒண்ணுக்கு இருந்தது ஞாபகம் வருது."

"அதுக்கு?"

"ஆம்பளப் பய மாரி நின்னுக்கிட்டு! அஞ்சாறு வயசு இருக்கும். பின்னால வந்து ஒருத்தரு புளியங்கம்பால கெண்டக்கால்ல ஒண்ணு வச்சாரு. திரும்பிப் பாத்தா தளவாய் அண்ணாச்சியோட அப்பா. நான் அவரப் பாத்து 'அடிக்காதீய எப்பா'ங்கேன். அவரு போட்டோவத்தான் நான் பாத்திருக்கேன். இப்ப வெத்தலை வாசனையே வருது. கெண்டக்கால் இன்னும் வலிக்கி."

அப்படித்தான் தெரிந்தது, அந்தச் செடியில் காய்ப்பது தளவாயின் ஞாபகம் என்று. ஒரு காய்க்கு ஒன்று.

தெருவில் யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. பை கொண்டுவந்தார்கள். செத்தவன் ஞாபகத்தைத் தின்றால் தீட்டா என்று கோயில் பூசாரியைக் கேட்டார்கள், கடுகு தாளித்துவிட்டால் கறிதான் என்று அவர் சொல்லி, தமக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். டீக்கடை நெல்லையப்பனுக்குச் சங்கரன்கோவில் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போன ஞாபகம் கிடைத்து, இது என்ன காய், கால் கடுத்ததுதான் மிச்சம், வேறு கொடும் என்று சண்டைக்கு வந்தான். தையல்காரர் வீட்டு மரகதம், தலை முழுக்க நரைத்தவள், ஒரு காயைத் தின்றுவிட்டு, தளவாய் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெயில்காலம் முழுக்க எதிர்ச்சாரியிலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தன் முதுகுப்பக்கமாக இருந்து தானே பார்த்து, மறுநாள் பூ வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள், அன்றைக்கு வீட்டுக்காரருக்குச் சோறு ஆக்கவில்லை. தளவாயின் அம்மா செத்த ஞாபகம் கிடைத்த வீட்டில் மூன்று நாள் அழுதார்கள், கேட்டால் எங்கள் அம்மா என்றார்கள். பொதுவாக, மாங்காய்க் காலத்தில் மாங்காய் தின்கிற மாதிரி, அந்த வருஷம் எங்கள் தெரு தளவாயைத் தின்றது. மழை பெய்தால் தெருவில் பாதிப் பேருக்குக் கெண்டைக்கால் வலித்தது, ஒரே காலில்.

தின்றவன் ஒவ்வொருத்தனும் கடைசியில், "பாவம்வே அந்த மனுசன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கா நான் குடம் சுமந்தேன்?

"நீரும் ஒண்ணு தின்னுதான் பாருமே" என்றான் நெல்லையப்பன்.

"அவன் மண்டைக்குள்ள எனக்கு என்னவே சோலி? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அதுவும் நான் திங்கதுக்கு இல்ல."

கிளைக் கணக்கைக் கண்டுபிடித்தவள் பிச்சம்மாள். அடிக்கிளையில் காய்த்தது சின்னப் பிராயம், மேலே போகப் போக வயசு. ஆனியில் கல்யாணக் கிளை காய்த்தது. அதற்கு அடுத்த கவட்டைதான் கிணற்றுக் காலம். அதில் இன்னும் பூ வரவில்லை.

ஆடியில் தளவாயின் மகன் பிரமநாயகம் திருப்பூரிலிருந்து வந்தான். வீட்டை விற்கப் போகிறானாம். கோவில்பட்டிக்காரர் ஒருவர் வந்து புறவாசலைக் காலால் அளந்துகொண்டிருந்தார், கிடங்கு கட்டுவதற்கு. கட்டினால் கிணறு கிடங்குக்கு அடியில். சுவரோரம் போய்க் கூப்பிட்டேன்.

"விக்கதுக்கு முன்னால கிணத்தத் தோண்டிக் குடுத்திரு. உங்க அப்பன் தூர்த்தது."

"பெரியவரே, அது பாழுங்கிணறு. மழையில தானா இடிஞ்சு விழுந்துச்சுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"பொய்."

"யாரு பாத்தா?"

பார்த்தவள் செத்துப்போனாள். தெருவில் பார்த்தவர்கள், அப்போது வாய் திறக்காதவர்கள், இப்போதும் தளவாயைப் பாவம் என்றுகொண்டு வாய் திறக்கவில்லை. கோவில்பட்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிரமநாயகம் அவரிடம் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினான். நானும் பார்த்தேன்.

சரி, அவன் வாயாலேயே வரட்டும்.

ஆவணி கடைசியில் அந்தக் கவட்டையில் பூ வந்தது. மூன்று காய் பிடித்தது. எதில் கிணறு என்று தெரியாது, மூன்றையும் காத்தேன். கட்டிலை எடுத்துப் புறவாசலில் போட்டேன். அணிலை விரட்டினேன், கூடை கொண்டுவந்தவர்களை விரட்டினேன். காயில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்றேன். நம்பினார்கள்.

புரட்டாசியில் தளவாய்க்குத் தலைத் திதி. சமையல் பிச்சம்மாள். செத்தவனுக்குப் பிடித்ததை இலையில் படைப்பார்கள், அந்தப் படையல் இலையில் மூத்த மகன்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தளவாய்க்கு எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் உயிர். மூன்று காயையும் துணியில் சுற்றிப் பிச்சம்மாளிடம் கொடுத்தேன்.

"பாவமில்லையா அண்ணாச்சி? திதிச் சாப்பாட்டுல?"

"அவன் காய அவனுக்குப் படைக்கோம். இதுல என்ன பாவம்?"

"அந்தப் பய தொண்டையில சிக்கிச் செத்துகித்துப் போயிட்டான்னா?"

"போட்டும்."

"ஒங்க வாயில வசம்ப வச்சுத் தேய்க்க" என்று சொல்லிக்கொண்டே வாங்கி இடுப்பில் செருகினாள்.

புறவாசலில் பந்தல் போட்டு இலை போட்டார்கள். நான் துவைக்கிற கல்லின் மேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். பிரமநாயகம் படையல் இலையில் உட்கார்ந்தான். அடுத்த இலையில் கோவில்பட்டிக்காரர், கிரயம் முடிக்க வந்தவர். தளவாயின் பெண்டாட்டி ஆவுடை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் செடியின் காய் ஒன்றைக்கூட அவள் இதுவரை வாங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

முதல் காயைத் தின்றதும் அவன் தன் இரண்டு கையையும் பார்த்தான். "சின்னப் பிள்ளையா என்னைய நானே தூக்கி வச்சிருக்கேன். எனக்குக் காய்ச்சல் கொதிக்குது" என்றான். இரண்டாவது காய்க்கு முடி வெட்டிக்கொள்கிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவது காயைக் கடித்ததும் கன்னத்தை அழுத்திப் பிடித்தான்.

"யம்மா, கடவாப்பல்லு!"

எச்சில் கையோடு எழுந்து பாத்ரூம் வாசலில் போய் நின்று தரையைப் பார்த்தான்.

"இங்கனதான். கொட்டு கொட்டுங்காரு அப்பா. மண்ணு தண்ணியில விழுற சத்தம் கேக்கு. நிறையத் தண்ணி கிடக்கு."

கோவில்பட்டிக்காரர் இலையை மூடினார். "தானா இடிஞ்சதுன்னு சொன்னீங்க?"

"இல்ல. அப்பாதான் தூர்த்திருக்காரு."

இதற்காகத்தானே இருந்தேன். சுவரேறிக் குதித்தேன். முட்டி பிசகியது, பரவாயில்லை.

"எதுக்குத் தூர்த்தானாம்? அதச் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு தேடினான். "கிணத்து ஈரம் செவத்துல ஏறுதுன்னு கொத்தன் சொல்லியிருக்கான்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான் பெரியப்பா."

"செவத்துக்கு மேல ஒருத்தி தலைய நீட்டுனாளே, கையில கயித்தோட. நல்லாப் பாரு. அவ என்ன சொன்னா? இவன் அவகிட்ட என்ன சொன்னான்?"

அவன் நெற்றி சுருங்கியது. உண்மையாகத்தான் தேடினான், அதைச் சொல்ல வேண்டும்.

"யாரோ ஒரு பொம்பள சத்தம் போடுதா. யாருன்னு தெரியல. அப்பா திரும்பிப் பாக்கல. பல்லு வலியில, கிராம்ப எங்க வச்சோம்னு யோசிச்சிட்டு நிக்காரு."

கிராம்பு.

எங்களை அழிக்க வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் போதும் எனக்கு. எங்களை நினைத்தாவது செய்திருப்பான். இத்தனை வருஷம் நான் அவனைச் சுமந்த மாதிரி அவனும் எங்களை எங்கேயோ ஒரு மூலையில் சுமந்துகொண்டிருக்கிறான் என்றே இருந்தேன், ரேடியோவைக் கூட்டிவைக்கிறபோதெல்லாம் அவனுக்குக் குத்துகிறது என்றே இருந்தேன். வடிவின் தொண்டை கிழிந்தது. அவன் கிராம்பு தேடினான்.

கோவில்பட்டிக்காரர் வில்லங்கம் வேண்டாம் என்று போய்விட்டார். பிரமநாயகம் ஆள் வைத்துப் பாத்ரூமை இடித்துக் கிணற்றைத் தோண்டிக் கொடுத்தான். நல்ல பயல், அவன் அப்பனுக்குப் பிறந்தவன் மாதிரி இல்லை. ஊற்று செத்திருக்கவில்லை, கலங்கலாக வந்து, தெளிந்து, பழைய மட்டத்தில் நின்றது. இரண்டு பக்கமும் உருளை மாட்டினார்கள். தெரு முழுக்க வந்து எட்டிப் பார்த்து, இனி என்ன அண்ணாச்சி, நினைச்சது நடந்துட்டு, மனசு குளிர்ந்திருக்குமே என்றது.

குளிரவில்லை.

செடி உச்சிக் கிளை வரைக்கும் காய்த்திருந்தது. கிணற்றுக்குப் பிறகு அவன் வாழ்ந்தது எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது, பறிக்காமல் முற்றி மஞ்சளானதும் நடுவில் ஒன்றிரண்டு. மகன் படித்தது, பேரன் பிறந்தது, நோய், கட்டில், கடைசி நாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் ஆவுடை என் புறவாசலுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்தப் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல்.

"அண்ணாச்சி. உச்சியில உள்ள காய் ஒண்ணு தாங்க. ஒண்ணு போதும்."

"எதுக்கு?"

"வாய் கட்டிப்போய்க் கிடந்தாவல்லா. கடைசி அன்னைக்கு என் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லப் பாத்தாவ. ஒண்ணும் வெளங்கல. ஒரு வருசமா நெஞ்சுக்குள்ள உருளுது. அது என்னன்னு தெரிஞ்சாப் போதும்."

"என் பெண்டாட்டி சொன்னது அவனுக்கு வெளங்கிச்சா?"

 நான் செடியை வேரோடு சாய்த்தேன். பிச்சம்மாளின் ஆடு வேலியோரம் நின்றிருந்தது, எதைக் கொடுத்தாலும் தின்னும். இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் போட்டேன். இலை, பூ, காய், காம்பு, முள், ஒன்று விடவில்லை. ஒரு மனுஷனின் பாதி ஆயுசை நின்ற இடத்தில் நின்று மென்றது. யாரும் அவனை இனி நினைக்க முடியாது. ஆவுடை கடைசிக் காய் உள்ளே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

ஆடும் அவள் பின்னாலேயே போயிற்று.

தளவாய் வீட்டு வாசலில் கால் மாற்றி நின்று இருமியது, அவன் இருமுகிற மாதிரி, இரண்டு தரம் சின்னதாக, ஒரு தரம் நீளமாக. உள்ளே போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பிச்சம்மாள் போய் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "இருக்கட்டும் பிச்சு" என்றாளாம் ஆவுடை. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மெதுவாக எதையோ கேட்கிற சத்தம் வந்தது.  பிறகு சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் சிரிப்பாளே, அப்படி. நான் எழுந்து உள்ளே போய் ரேடியோவைத் தேடினேன். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது.

மறுவாரம் பிச்சம்மாள் கிணற்றடியில் வந்து குனிந்து பார்த்தாள்.

"தண்ணி கல்கண்டாட்டம் கிடக்கு. மதினி இருந்தா இந்நேரம் பாத்தி கட்டியிருப்பா. ஆமா, விதைக்கு எங்க போவீய?"

வாளி கையில் இருந்தது. கீழே வைத்தேன்.

"ஒரு காய்க்குத் துணி கட்டியிருக்கலாம்லா? அம்புட்டையும் ஆட்டுக்குப் போட்ட கோட்டிக்காரன ஒங்களத்தான் பாத்தேன். கிணத்துக்கு நின்னீயளா, கத்தரிக்கு நின்னீயளா?"

நான் யோசிக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வடிவு கை பட்ட கடைசி வித்து.

ஆட்டுக்கு விதை செரிக்காது. புழுக்கையோடு முழுசாக வரும், அதுவும் நன்றாக முளைக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆடு இருந்தது ஆவுடை வீட்டில். மூன்று நாள் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் முன்வாசல் வழியாகப் போய் நின்றேன்.

"என்ன?" என்றாள். அண்ணாச்சி என்கிறது போய்விட்டது.

"ஆட்டுப் புழுக்கை வேணும்."

"எதுக்கு?"

"அதுல வடிவு விதை கிடக்கு."

"தெரியும்" என்றாள். புறவாசலுக்கு நடந்தாள், கூப்பிடவில்லை, நானாகப் பின்னால் நடந்தேன். கிணற்றை ஒட்டி, பாத்ரூம் இடித்த இடத்தைக் கொத்தி, வரப்பு வைத்துப் பாத்தி கட்டியிருந்தாள். புழுக்கை தூவின இடமெல்லாம் பச்சை தட்டியிருந்தது. வெயிலுக்குத் தென்னங்கீற்று சாய்த்திருந்தாள். ஆடு பக்கத்தில் நின்று பார்த்ததே ஒழிய வாய் வைக்கவில்லை.

"எனக்கு இறைக்கத் தெம்பு கிடையாது. நீரு இறைச்சு ஊத்தும்" என்றாள்.

"காய்?"

"ஒரு காய் கிடையாது உமக்கு."

"விதை?"

"விதையும் கிடையாது."

ஆட்டைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

இப்போது காலையில் ஒரு தரம், வெயில் தாழ ஒரு தரம் என் பக்கத்து உருளையில் இறைத்துச் சுவருக்கு மேலாகவே ஊற்றுகிறேன். அவள் பாத்திக்கு நடுவில் நின்று இங்கே ஊத்தும், அங்கே ஊத்தும் என்கிறாள். வாளிக்குப் பாதித் தண்ணீர் அவள் காலில் விழுகிற மாதிரிதான் ஊற்றுகிறேன்.